ஊரில் இருப்பவர்களுக்குப் பூங்கொத்து அனுப்ப: திருநெல்வேலியிலிருந்து கேள்வி பதில்கள்

திருநெல்வேலியிலும் பாளையங்கோட்டையிலும் பூங்கொத்து கட்டி வீடு தேடிக் கொண்டு போய்க் கொடுப்பது எங்கள் தொழில். ஆர்டர் கொடுப்பவர்களில் பலர் இந்த ஊரில் பிறந்து சென்னை, மும்பை, துபாய், அமெரிக்கா என்று பிழைக்கப் போனவர்கள். அவர்கள் போனிலும் வாட்ஸ்அப்பிலும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறோம். நீங்கள் பூ அனுப்ப வேண்டிய ஊர் வேறாக இருந்தாலும் இதில் பெரும்பாலானவை பொருந்தும்.

பூங்கொத்தில் வைக்கும் பூவெல்லாம் எங்கிருந்து வருகிறது?

நீளக் காம்புள்ள ரோஜா ஓசூரிலிருந்து வருகிறது. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பகல் வெயில் அளவாக இருக்கும், இரவு குளிரும். பசுமைக் குடிலில் ரோஜா வளர்க்க அந்தத் தட்பவெப்பம் ஒத்துப்போகிறது. சுற்றிலும் தளி, பாகலூர், கெலமங்கலம் பக்கமெல்லாம் இதுதான் விவசாயம். அடர் சிவப்பில் வரும் 'தாஜ்மகால்' ரகம்தான் அதிகம் கேட்கப்படுவது. 20 பூ ஒரு கட்டு என்று விலை சொல்வார்கள். கார்னேஷனும் லில்லியும் நீலகிரியிலிருந்து வருகின்றன. ஜெர்பரா ஓசூரிலும் விளைகிறது, மலைப்பக்கமும் விளைகிறது. ஊதா ஆர்க்கிட் பெரும்பாலும் தாய்லாந்துச் சரக்கு.

ஓசூரிலிருந்து எங்கள் ஊருக்கு 500 கிலோமீட்டருக்கு மேல். பறித்த பூ குளிர் அறையில் இருந்துவிட்டு, அட்டைப்பெட்டியில் இரவு வண்டி ஏறி, காலையில் இங்கே இறங்குகிறது. இறங்கியதும் காம்பின் அடியை வெட்டி, சில மணி நேரம் வாளித் தண்ணீரில் நிறுத்தினால்தான் பூ தெளியும். காலை ஏழு மணிக்கு வேண்டும் என்பவர்களிடம் 'முந்தின நாள் இறங்கிய பூதான் கிடைக்கும்' என்று சொல்லிவிடுகிறோம். பதினோரு மணிக்கு மேல் என்றால் அன்றைக்கு வந்த பூ.

மல்லிகை, பிச்சி, சம்பங்கி, செவ்வந்தி எல்லாம் நம் பக்கத்துப் பூ. சங்கரன்கோவிலும் தோவாளையும் நமக்குக் கைக்கெட்டும் சந்தைகள்.

எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும்?

ரோஜா, ஜெர்பரா என்றால் முதல் நாள் மதியத்துக்குள் சொன்னால் போதும். லில்லி, ஆர்க்கிட், குறிப்பிட்ட நிற ரோஜா என்றால் மூன்று நாள் வேண்டும். பெரிய முகூர்த்த நாளாக இருந்தால் ஒரு வாரம். ஆவணியிலும் தையிலும் ஒரே நாளில் ஊரில் இருக்கும் மண்டபம் அத்தனையும் நிறைந்துவிடும். மேடை அலங்காரத்துக்கே பூ போய்விடும் நாட்கள் அவை.

இணையத்தில் பார்த்த படத்தை அனுப்பினால் அதே மாதிரி கட்டித் தருவீர்களா?

அளவும் நிறமும் வடிவமும் அதேபோல் வரும். பூ அதேதானா என்பது அன்றைய சந்தையைப் பொறுத்தது. படத்தில் இருப்பது பியோனி என்றால் அது நம் பக்கம் கிடைக்காது. அதன் இடத்தில் நன்றாக விரிந்த ரோஜாவை வைப்போம். வைப்பதற்கு முன் உங்களைக் கேட்போம்.

இதில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். நாடு முழுக்கப் பூ அனுப்பித் தருவதாகச் சொல்லும் பல இணையதளங்கள் தாங்களே பூ கட்டுவதில்லை. நீங்கள் கட்டும் பணத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு, மீதிக்கு ஏதாவது உள்ளூர்க் கடையில் ஆர்டரைத் தள்ளிவிடுகிறார்கள். கடைக்காரருக்கு வந்து சேரும் தொகைக்குத் தக்கபடிதான் பூ இருக்கும். 'படத்தில் முப்பது ரோஜா, வந்தது பதினைந்து' என்று வரும் புகார்களில் பலவற்றுக்குக் காரணம் இதுதான். நீங்கள் பூவை நேரில் பார்க்கப் போவதில்லை. அதைக் கட்டுகிறவரிடமாவது நேராகப் பேசுங்கள். தஞ்சாவூருக்கு அனுப்ப வேண்டுமானால் தஞ்சாவூரில் ஒரு கடையைத் தேடுங்கள், எங்களிடம் வேண்டாம். இங்கிருந்து அங்கே போவதற்குள் பூ களைத்துவிடும்.

சின்ன ஊர்களில் பொக்கே கடை என்று தனியாக இருக்காது. கல்யாண மண்டபத்துக்கு அருகில் மேடை அலங்காரம் செய்பவர்கள் இருப்பார்கள், அவர்களிடம் கேளுங்கள். நல்ல கை வேலைக்காரர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

பழைய பூவைக் கட்டிவிட மாட்டார்கள் என்று எப்படி நம்புவது?

கட்டி முடித்ததும், ரிப்பன் சுற்றுவதற்கு முன், பகல் வெளிச்சத்தில் ஒரு படம் கேளுங்கள். நல்ல கடை தயங்காது. படத்தில் ரோஜாவின் இலையைப் பாருங்கள். இலை மஞ்சள் தட்டித் துவண்டிருந்தால் பூ பழையது. இலையே இல்லாமல் மொத்தமும் உருவியிருந்தாலும் காரணம் கேளுங்கள். பூவின் மேல் மினுமினுப்புத் தூள் தூவியிருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். வாடிய ஓரத்தை மறைக்க அது வசதி.

பூ கையில் கிடைத்தவர் ரோஜாவின் கழுத்துக்கு மேலே, இதழ்கள் சேரும் இடத்தில் மெல்ல அழுத்திப் பார்க்கலாம். கெட்டியாக இருந்தால் புதுசு, பொதபொதவென்று இருந்தால் பழசு. வெளி இதழ் ஒன்றிரண்டு பச்சையோடியோ கறுத்தோ இருப்பது குறை இல்லை. உள்ளிருக்கும் மொட்டைக் காப்பதற்காக விட்டுவைத்தது அது, கிள்ளி எடுத்துவிடலாம்.

மே மாதத்தில் அன்னையர் தினம் வருகிறது. அந்த வெயிலில் எந்தப் பூ தாங்கும்?

மே மாதம் இரண்டாவது ஞாயிறு, கிட்டத்தட்ட அக்னி நட்சத்திரச் சமயம். ஏசி இல்லாத வீடு என்றால் சிவப்பு ரோஜாவை நம்ப வேண்டாம். இரண்டாம் நாளே தலை சாயும். கார்னேஷனும் ஆர்க்கிட்டும் வாங்குங்கள், ஒரு வாரம்கூட நிற்கும். செவ்வந்தியும் அந்த அளவுக்கு உழைக்கும், விலையும் குறைவு. செவ்வந்தியைச் சாமிப் பூ என்று ஒதுக்கிவிடுகிறார்கள். வெள்ளையும் மஞ்சளும் கலந்து இலையோடு கட்டினால் அவ்வளவு நன்றாக இருக்கும். கேட்டுப் பாருங்கள்.

மே மாதம் மல்லிகைக்கு நல்ல காலம். அம்மா தலையில் பூ வைப்பவர் என்றால் பூங்கொத்தோடு நாலு முழம் மல்லியையும் சேர்க்கச் சொல்லுங்கள். கொத்தை மேஜையில் வைத்துவிடுவார். மல்லியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டுதான் உங்களுக்கு வீடியோ கால் போடுவார்.

மல்லியையும் பிச்சியையும் பூங்கொத்துக்குள்ளேயே வைக்க முடியாதா?

வைக்கலாம், ஆனால் நான் வேண்டாம் என்பேன். மல்லிக்குக் காம்பு கிடையாது. கம்பியில் கோத்துத்தான் நிறுத்த வேண்டும், தண்ணீரும் குடிக்காது. விடிகாலையில் மொட்டாகப் பறிப்பது மாலையில் மலரும், மறுநாள் காலையில் பழுத்துவிடும். மற்ற பூவெல்லாம் புதிதாக இருக்கும்போது நடுவில் இது மட்டும் காவி நிறத்தில் தொங்கும். சரமாகக் கட்டி வாழையிலையில் சுற்றித் தனியாகக் கொடுப்பதுதான் அழகு.

மார்கழியிலும் தையிலும் பனியால் மல்லி வரத்து குறைந்துவிடும். பொங்கல் சமயத்தில் கிலோ ஆயிரக்கணக்கில் போகும். அந்த நாட்களில் முழக் கணக்கைக் குறைத்துக்கொள்ளுங்கள், கடைக்காரரைக் கோபிக்காதீர்கள்.

அப்பா தவறிவிட்டார். அம்மா இப்போது பூ வைப்பதில்லை. அவர்களுக்குப் பூங்கொத்து அனுப்பலாமா?

இந்தக் கேள்வியைப் பலர் தயங்கித் தயங்கித்தான் கேட்கிறார்கள். சிலர் கேட்காமலேயே, அம்மாவின் பிறந்த நாளுக்கு ஸ்வீட் பாக்ஸ் மட்டும் அனுப்பிவிடுகிறார்கள்.

தாராளமாக அனுப்பலாம் என்பது என் கருத்து. நாற்பது ஐம்பது வருடம் தினமும் பூ வாங்கிய ஒருவருக்கு, கணவர் போன நாளிலிருந்து அந்த வீட்டு வாசலில் பூக்காரம்மா நிற்பதில்லை. பூ பிடிக்காமல் போய்விட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை. ஜாடியில் வைத்த பூவைத் தலையில் வைக்க வேண்டியதில்லை. பார்க்கலாம், தண்ணீர் மாற்றலாம், சாமிப் படத்துக்கும் அப்பா படத்துக்கும் ஒன்றிரண்டு எடுத்து வைக்கலாம். 'வேண்டாமே' என்று முதலில் சொல்லிவிட்டு, கொண்டு போன பையனை உட்காரவைத்துக் காபி கொடுத்து அனுப்பும் அம்மாக்களை எங்களுக்குத் தெரியும்.

சில விஷயங்களில் கவனம் வேண்டும். மல்லி, பிச்சி, கனகாம்பரம் போன்ற தலையில் வைக்கும் பூக்களைத் தவிருங்கள், அவை மனதைக் கிளறும். ரோஜாவிலும் சிவப்பை விட்டுவிட்டு வெளிர் மஞ்சள், பீச் நிறம், ஆர்க்கிட், லில்லி என்று போங்கள். முதல் வருடம் முடிவதற்குள் என்றால், கூடவே இருக்கும் அக்காவிடமோ அத்தையிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்புங்கள். வீட்டில் பழக்கவழக்கத்தை இறுக்கமாகப் பிடிக்கும் பெரியவர்கள் இருந்து, நாலு பேர் முன்னால் அம்மாவுக்குச் சங்கடம் வரும் என்று தோன்றினால் பூத்த செடித் தொட்டியாக அனுப்புங்கள். அதை யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் பழக்கம் என்ற பெயரில் ஒரு பெண்ணுக்குப் பூவே கொடுக்கக் கூடாது என்பதை நான் ஏற்றுக்கொள்வதில்லை. அப்படி ஓர் ஆர்டர் வந்தால் மற்ற கொத்துகளைவிடக் கூடுதல் கவனத்தோடுதான் கட்டுகிறோம்.

ஆஸ்பத்திரியில் இருப்பவருக்கு?

தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் பூவை விட மாட்டார்கள். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், உறுப்பு மாற்று சிகிச்சை செய்தவர்கள் அருகிலும் பூ கூடாது. ஜாடித் தண்ணீரிலும் இலையிலும் இருக்கும் கிருமிகள் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு ஆபத்து. பொது வார்டு, பிரசவ வார்டு என்றால் அந்த ஆஸ்பத்திரியில் அனுமதி உண்டா என்று விசாரித்துவிட்டே கிளம்புவோம். வாசனை தூக்கலான சம்பங்கி, லில்லி வேண்டாம். பிள்ளை பெற்றவளுக்குத் தலைவலியே வந்துவிடும். டிஸ்சார்ஜ் ஆகி வீடு திரும்பும் நாளில் அனுப்புவது எல்லாவற்றையும்விட நல்லது.

துக்க வீட்டுக்கு அனுப்ப வேண்டும். என்ன செய்வது?

உடனே போன் செய்யுங்கள், மெசேஜ் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டாம். நம் பக்கம் பெரும்பாலும் அன்றோ மறுநாளோ எடுத்துவிடுவார்கள். பூங்கொத்து இதற்கு ஒத்துவராது, மாலைதான் வழக்கம். ரோஜா மாலை, சம்பங்கி மாலை இரண்டும் சில மணி நேரத்தில் கட்டிவிடலாம். அலுவலகம், சங்கம் சார்பில் என்றால் பெயர் எழுதிய ரிப்பனோடு மலர்வளையம். பாளையங்கோட்டைப் பக்கம் கிறிஸ்தவக் குடும்பங்கள் அதிகம். அங்கே சிலுவை வடிவிலும் கேட்பார்கள், ஆலய ஆராதனை எத்தனை மணிக்கு என்று தெரிந்தால் அதற்கு முன் சேர்த்துவிடலாம். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கும் வெளியூர்ப் பிள்ளைகள் பூ சொல்லிவைப்பது உண்டு. இஸ்லாமியக் குடும்பங்களில் ஜனாஸாவுக்கு (இறுதிச் சடங்குக்கு) மலர்வளையம் வைக்கும் வழக்கம் பொதுவாக இல்லை. அந்த வீட்டுக்கு ஆள் போய் நிற்பதே முறை, நீங்கள் வர முடியாவிட்டால் போனில் பேசுங்கள்.

சொல்லாமல் கொள்ளாமல் அனுப்பி ஆச்சரியப்படுத்த ஆசை. முடியுமா?

இளவயதுக்காரர்கள் என்றால் செய்யலாம். எழுபது வயது தாண்டிய ஆச்சி தாத்தா தனியாக இருக்கும் வீட்டில் அது பெரும்பாலும் நடப்பதில்லை. தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் எடுக்காதீர்கள், ஓடிபி சொல்லாதீர்கள், முன்பின் தெரியாதவருக்குக் கதவைத் திறக்காதீர்கள் என்று நாம்தான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். அவர்கள் அதன்படியே நடக்கிறார்கள். பூவோடு போன பையன் வாசலில் அரை மணி நேரம் வெயிலில் நிற்கிறான், பூவும் நிற்கிறது.

பக்கத்து வீட்டுக்காரர் ஒருவருக்கு மட்டும் சொல்லிவையுங்கள். அவர் கூட வந்து கதவைத் தட்டினால் போதும். நாங்கள் யாரிடமும் ஓடிபி கேட்பதில்லை, வீட்டில் பணமும் வாங்குவதில்லை. இதையும் உங்கள் வீட்டாரிடம் சொல்லிவையுங்கள்.

முகவரியில் கதவு எண்ணோடு ஓர் அடையாளமும் வேண்டும். 'பிள்ளையார் கோயிலுக்கு எதிர்ச்சந்து, நீலக் கேட்' என்பது பின்கோடைவிட எங்கள் பையனுக்கு உதவும்.

நேரம் குறித்துக் கொடுத்தால் சரியாகப் போய்ச் சேருமா?

ஒரு மணி நேர இடைவெளி கொடுங்கள், பத்து முதல் பதினொன்று என்பதுபோல. நள்ளிரவு 12 மணிக்குக் கேட்பவர்களும் உண்டு. வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கு நாங்கள் அதை ஒப்புக்கொள்வதில்லை.

கிரகப்பிரவேசம், நிச்சயதார்த்தம் போன்ற சுப காரியம் என்றால் ராகு காலம் பார்க்கும் வீடா என்று சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை 10.30 முதல் 12 வரையும் ஞாயிறு மாலை 4.30 முதல் 6 வரையும்தான் அதிகம் இடிக்கும். ஆனி மாதம் நெல்லையப்பர் கோயில் தேரோட்டத்தன்று ரத வீதிகளில் வண்டி நுழையாது. டவுன் பகுதிக்கு முதல் நாளே கொடுத்துவிடுவோம்.

அமெரிக்காவில் இருப்பவர்கள் தேதியில் குழம்பிவிடுகிறார்கள். குளிர்காலத்தில் கலிஃபோர்னியாவுக்கும் நமக்கும் 13.30 மணி நேர வித்தியாசம். அங்கே வியாழக்கிழமை இரவு எட்டு மணிக்கு 'நாளை காலை' என்று சொன்னால், இங்கே ஏற்கனவே வெள்ளி காலை ஒன்பதரை. கிழமையும் தேதியும் சேர்த்து, இந்திய நேரத்தில் எழுதுங்கள்.

பிப்ரவரி 14 அன்று ஏன் இவ்வளவு விலை?

அந்த வாரம் ஓசூர் ரோஜாவுக்கு வெளிநாட்டிலிருந்தும் வட இந்தியாவிலிருந்தும் ஒரே நேரத்தில் கேட்பு வருகிறது. கட்டின் விலை தோட்டத்திலேயே ஏறிவிடும். 12ஆம் தேதியோ 16ஆம் தேதியோ கொடுத்தால் அதே பணத்துக்கு நல்ல கொத்தாக வரும். கணவன் மனைவிக்குள் இரண்டு நாள் முன்பின் ஆனால் ஒன்றுமில்லை.

மழைக்காலத்தில்?

ஐப்பசி, கார்த்திகையில் சாதாரண மழை ஒன்றும் செய்யாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்ததுபோல் பெருமழை பெய்து, தாமிரபரணி ஊருக்குள் புகுந்து, பேருந்தும் ரயிலும் நின்றால் பூவும் நின்றுவிடும். அப்போது பணத்தைத் திருப்பிவிடுவோம், அல்லது நீங்கள் சொல்லும் வேறு நாளில் கொடுப்போம்.

அல்வாவும் சேர்த்து அனுப்ப முடியுமா?

முடியும். இருட்டுக்கடை அல்வாதான் வேண்டும் என்றால் அது மாலையில்தான் திறக்கும், வரிசையும் இருக்கும். பூவும் அல்வாவும் ஒன்றாகப் போக வேண்டுமானால் இரவு ஏழு மணிக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழக்கூடை கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பழுத்த வாழைப்பழம், மாம்பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயு பூவைச் சீக்கிரம் வாடவைக்கும், கார்னேஷன் அதற்கு உடனே சுருண்டுவிடும். தனித்தனியாகத்தான் கட்டுவோம். வீட்டிலும் தனியாக வைக்கச் சொல்லுங்கள்.

அட்டையில் தமிழில் எழுதித் தருவீர்களா?

கையால் எழுதித் தருகிறோம். வாசகத்தைத் தட்டச்சு செய்து அனுப்புங்கள், கூடவே ஒரு ஸ்கிரீன்ஷாட்டும் வேண்டும், சில போன்களில் எழுத்து உடைந்து வருகிறது. என்ன எழுதுவது என்று எங்களையே கேட்பவர்களும் உண்டு. வீட்டில் எப்படிக் கூப்பிடுவீர்களோ அப்படியே தொடங்குங்கள். 'அன்புள்ள தாயாருக்கு' வேண்டாம், 'எம்மா' என்று எழுதுங்கள்.

வெளிநாட்டிலிருந்து பணம் எப்படி அனுப்புவது?

வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ வங்கிக் கணக்கு வைத்திருப்பவர்கள் அமெரிக்கா, இங்கிலாந்து, சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகம் போன்ற சில நாடுகளின் கைபேசி எண்ணிலேயே யூபிஐ வைத்துக்கொள்ள 2023இல் வழி திறந்தது. உங்கள் வங்கி அதைத் தருகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஊரில் இருக்கும் தம்பி தங்கை யாரையாவது ஜிபே செய்யச் சொல்லுங்கள், அதுதான் எளிது.

பூ வந்தபின் வீட்டில் என்ன செய்ய வேண்டும்?

சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் தாளை முதலில் பிரித்துவிடச் சொல்லுங்கள். அழகாக இருக்கிறது என்று அப்படியே டிவி மேல் வைத்துவிடுகிறார்கள், உள்ளே புழுங்கி இரண்டே நாளில் அழுகிவிடும். காம்பின் அடியை ஒரு அங்குலம் சாய்வாக வெட்டி, தண்ணீருக்குள் மூழ்கும் இலைகளைக் கிள்ளிவிட்டு, சுத்தமான ஜாடியில் வைக்க வேண்டும். இரண்டு நாளுக்கு ஒரு முறை தண்ணீர் மாற்றி, மறுபடி கொஞ்சம் வெட்ட வேண்டும். ஜெர்பராவுக்கு மட்டும் மூன்று விரல் தண்ணீர் போதும், அதிகமானால் காம்பு அழுகும். ஃபேனுக்கு நேர் கீழே வைக்கக் கூடாது. பிரிட்ஜில் வைப்பதும் நல்லதல்ல, உள்ளே பழம் இருக்கும், ஆர்க்கிட்டுக்கு அந்தக் குளிரும் ஆகாது.

கூடையாகக் கட்டியதில் அடியில் பச்சை நிற ஸ்பாஞ்ச் இருக்கும். தினமும் அதில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்ற வேண்டும். அது மக்காத பொருள். ஜாடி இருக்கும் வீடு என்று சொன்னீர்களானால் ஸ்பாஞ்ச் இல்லாமல் கட்டித் தருகிறோம், எங்களுக்கும் அதுதான் விருப்பம்.

பூனை வளர்க்கும் வீட்டுக்கு லில்லி அனுப்பவே கூடாது. இதழோ மகரந்தமோ கொஞ்சம் உள்ளே போனாலும் பூனையின் சிறுநீரகம் கெட்டு உயிருக்கே ஆபத்து. பூனை இருந்தால் ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள்.

மறுநாளே ரோஜா தலை தொங்கிவிட்டது. வீணா?

இல்லை. காம்பில் காற்று அடைத்து, தண்ணீர் மேலே ஏறாததால் தொங்குகிறது. ஒரு வாளித் தண்ணீருக்குள் காம்பை முக்கிவைத்தே அடியை வெட்டி, பூ முழுவதையும் அரை மணி நேரம் தண்ணீரில் படுக்கப் போட வேண்டும். பிறகு தலை நிமிர்ந்து நிற்கும்படி செய்தித்தாளில் சுற்றி ஜாடியில் வைத்தால் பெரும்பாலும் சில மணி நேரத்தில் எழுந்துவிடும். எழாவிட்டால் படம் எடுத்து எங்களுக்கு அனுப்புங்கள், மாற்றிக் கொடுக்கிறோம். மூன்றாம் நாளுக்குப் பிறகு வரும் புகாருக்கு மாற்ற இயலாது.

ஆர்டர் கொடுக்கும்போது என்னென்ன சொல்ல வேண்டும்?

யாருக்கு, என்ன விசேஷம், அவர்கள் வயது, தலையில் பூ வைப்பவரா, வீட்டில் ஏசியும் ஜாடியும் பூனையும் உண்டா, அடையாளத்தோடு முகவரி, பக்கத்து வீட்டு எண், இந்தியத் தேதியும் நேரமும், அட்டை வாசகம், உங்கள் பட்ஜெட். பட்ஜெட்டை மறைக்காமல் சொல்லுங்கள். சின்னத் தொகை என்றால் அன்றைய சந்தையில் மலிவாகவும் புதிதாகவும் வந்த பூவில் கட்டுவோம். ஐந்தே ஐந்து நல்ல ரோஜா போதும் என்றாலும் சொல்லுங்கள், அதையும் கொண்டு போய்க் கொடுக்கிறோம்.